வாளும் வார்க்கயிறும்: வன்னிபங்களும் சாமுராய்களும்

நெடுங்கேணியிலிருந்து வடக்கே ஒட்டுசுட்டான் போய்ச் சேர்ந்தால் கற்சிலைமடு தூரமில்லை. 1803 ஒக்டோபர் 31 ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தார் என்று வெள்ளையர் அங்கே ஒரு கல் நட்டனர். வென்றவன் தன் வெற்றிக்கு நட்ட கல், காலப்போக்கில் தோற்றவனின் நினைவுக்கல்லாக மாறிப்போனது. உலகில் பல இடங்களில் நடந்த காரியம்தான் இது. அந்தக் கல் 2010 இல் உடைக்கப்பட்ட பின்பு அதன் மதிப்பு மேலும் கூடியது.

பண்டாரவன்னியனை 'நமது சாமுராய்' என்று பேச்சுவாக்கில் சொல்வோர் இப்போது பலர். திரைப்படமும் கார்ட்டூனும் கொண்டுவந்த சொல் அது. ஒப்பிடுவதில் தவறில்லை. ஆனால் ஒப்பீட்டை வாளோடு நிறுத்திக்கொண்டால் இரண்டு சமூகங்களையும் நாம் விளங்கிக்கொள்ளமாட்டோம். வாள் பிடித்தவனுக்குச் சோறு எங்கிருந்து வந்தது, அவனுக்குக் கீழே எத்தனை படிகள் இருந்தன, கடைசிப் படியில் நின்றவன் யார் என்று கேட்டால்தான் ஒப்பீடு பயன்தரும்.

யப்பானிலிருந்து தொடங்குவோம். சாமுராய் என்ற சொல்லின் வேர் 'அருகிருந்து பணிசெய்தல்' என்ற பொருள் கொண்டது. வீரன் என்பதற்கு முன் அவன் ஊழியக்காரன். ஆரம்ப நூற்றாண்டுகளில் அவன் கிராமத்திலேதான் இருந்தான். நிலம் வைத்திருந்தான், விதைத்தான், போர் வந்தால் குதிரை ஏறினான். உழவனுக்கும் போராளிக்கும் இடையே கோடு தெளிவாக விழவில்லை. கோட்டை அழுத்தி இழுத்தவர் ஹிதெயோஷி. சாதாரண குடியில் பிறந்து நாட்டையே ஆளவந்தவர் அவர். தான் ஏறிய ஏணியைத் தனக்குப் பின் யாரும் ஏறக்கூடாது என்று எடுத்துவிட்டார். 1588 இல் உழவரிடமிருந்த வாள், ஈட்டி, துவக்கு எல்லாவற்றையும் பறிக்க ஆணை பிறந்தது. 1591 இல் வீரன் உழவனாகவோ வணிகனாகவோ மாறக்கூடாது, உழவன் நிலத்தை விட்டு வேறு தொழிலுக்குப் போகக்கூடாது என்று இன்னோர் ஆணை. 1603 இல் ஆட்சியைத் தொடங்கிய தொக்குகாவா குடும்பம் இந்த அடித்தளத்தின் மேல் இரண்டரை நூற்றாண்டு இருந்தது.

இதன் விளைவு விசித்திரமானது. சாமுராய் தன் கிராமத்திலிருந்து பிடுங்கப்பட்டு பிரபுவின் கோட்டை நகரத்தில் குடியேற்றப்பட்டான். நிலத்துக்குப் பதில் அவனுக்கு நெற்படி கிடைத்தது. அதை 'கொக்கு' என்ற அளவால் கணக்கிட்டனர். நம் வயற்கொக்கு அல்ல. ஒரு கொக்கு என்பது சுமார் 180 லீற்றர் அரிசி, ஓர் ஆள் ஒரு வருடம் உண்ணப் போதுமானது என்று கொண்டார்கள். பத்தாயிரம் கொக்கு வருமானமுள்ள நிலத்துக்கு உரியவன் டைமியோ எனும் பிரபு. கீழ்நிலைச் சாமுராய்க்கோ முப்பது நாற்பது கொக்குத்தான். போர் இல்லாத காலத்தில் அவன் கணக்கெழுதினான், களஞ்சியம் காத்தான், குடை கட்டி விற்றுப் பிழைத்தவனும் உண்டு. இடையில் இரண்டு வாள் தொங்கியது. அதை உருவ வேண்டிய தேவை பலருக்கு ஆயுள் முழுவதும் வரவில்லை.

வீரன், உழவன், கைவினைஞன், வணிகன் என்ற நான்கு படிகளை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அது சீனத்துக் கன்பூசிய அறிஞரிடமிருந்து இரவல் வாங்கிய சட்டகம், நடைமுறை அப்படியிருக்கவில்லை என்று யப்பானிய வரலாற்றாசிரியர்கள் காட்டிய பின் அங்குள்ள பாடநூல்களே அதனைக் கைவிட்டன. ஏட்டில் கடைசிப்படியில் நின்ற ஒசாக்கா நகரத்து அரிசி வணிகனிடம் முதற்படிச் சாமுராய் அடுத்த வருடப் படியையும் அடகு வைத்துக் கடன் வாங்கினான்.

உண்மையான கோடு வேறோரிடத்தில் கிடந்தது. நான்கு படிகளுக்கும் வெளியே, செத்த மாட்டின் தோலை உரித்துப் பதனிட்ட மக்கள் இருந்தனர். அவர்களைக் குறித்த பெயருக்கே 'அழுக்கு மிகுந்தவர்' என்று பொருள். தொட்டால் தீட்டு. தனிக் குடியிருப்பு. தண்டனை நிறைவேற்றும் வேலையும் அவர்கள் தலையில். ஆனால் சாமுராயின் கவசம் தோலில்லாமல் ஆகாது. குதிரைச் சேணம் தோல். ஆகையால் போர்க்காலப் பிரபுக்கள் தோல் வேலைக்காரரைத் தங்கள் கோட்டைக்கு அருகே குடியேற்றிக் காத்துவந்தார்கள். நாம் நூதனசாலைகளில் வியந்து பார்க்கும் அந்தக் கவசங்களை அணிந்தவன் பெயர் கீழே எழுதப்பட்டிருக்கும். தோல் பதனிட்டவனின் பெயர் எங்கும் இல்லை.

இனி வன்னிக்கு வருவோம்.

பொலநறுவை இராச்சியம் 13 ஆம் நூற்றாண்டில் சிதைந்தபோது, கைவிடப்பட்ட குளங்களுக்கும் வளர்ந்துவந்த காட்டுக்கும் நடுவே சிற்றரசுகள் தலையெடுத்தன. அவற்றை ஆண்டவர் வன்னியர் எனப்பட்டனர். பாளி மொழி நூலான சூளவம்சம் சிங்களப் பகுதி வன்னியரையும் பேசுகிறது. ஆகவே அது ஓர் இனத்துக்கு மட்டும் உரிய பட்டமாக இருக்கவில்லை. வையாபாடலும் யாழ்ப்பாண வைபவமாலையும் மதுரைப் பக்கமிருந்து வன்னியர் கூட்டமாக வந்த கதையைச் சொல்கின்றன. பேராசிரியர்கள் இந்திரபாலாவும் பத்மநாதனும் இக்கதைகளைக் கல்வெட்டுகளோடு வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். சோழர் படையோடு வந்த தலைவர்கள், உள்ளூர்ப் பெருங்குடிகள், தப்பிவந்த குலமக்கள் எல்லாம் கலந்த ஒரு வர்க்கம் அது என்றே எனக்குப் படுகிறது.

பனங்காமம், மேற்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகியவை யாழ்ப்பாண இராச்சியத்துக்குத் தெற்கே இருந்த வன்னிமைகள். அடங்காப்பற்று என்று இந்தப் பிரதேசத்துக்கு இன்னொரு பெயர். பெயரிலேயே வரலாறு இருக்கிறது. இங்கே ஊர்ப் பெயர்கள் கேணி, குளம், மடு, மோட்டை என்று முடியும். நெடுங்கேணியும் ஒலுமடுவும் அப்படித்தான். நீர் தேங்கும் இடமே ஊர். குளம் உடைந்தால் ஊர் எழுந்து போய்விடும். ஆகவே வன்னியன் கோட்டை கட்டி உள்ளே இருக்கவில்லை. குளத்துக்கும் வயலுக்கும் பக்கத்திலேயே, குடிகளின் நடுவே இருந்தான். சாமுராயை நிலத்திலிருந்து பிரிக்க ஓர் ஆணை போதுமாயிருந்தது. வன்னியனை அப்படிப் பிரிக்க ஒருவராலும் முடியவில்லை. இரண்டு சமூகங்களுக்கும் இடையே நான் காணும் முதன்மையான வேறுபாடு இதுதான்.

வன்னியனுக்குக் கீழே முதலியார், உடையார் என்ற பட்டக்காரர். அவர்களுக்குக் கீழே பயிர்செய்யும் குடிகள். அவர்களுக்கும் கீழே 'அடிமை குடிமை' என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும் சேவகச் சாதிகள். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையைப் புரட்டினால், காணிக்கும் சீதனத்துக்கும் சட்டம் எழுதிய அதே ஏட்டில் கோவியர், சிவியார், நளவர், பள்ளர் என்று அடிமைகளுக்கும் விதி எழுதியிருப்பதைக் காணலாம். யாழ்ப்பாணத்தில் இறுகியிருந்த அந்தக் கட்டு வன்னியில் சற்றுத் தளர்ந்திருக்க இடமுண்டு. காடு பெரிது, ஆள் குறைவு, ஓடிப்போனவனைத் தேடிப்பிடிப்பது கடினம். இருந்தும் படிகள் படிகள்தான்.

யப்பானில் எல்லாவற்றுக்கும் அளவுகோல் அரிசி. வன்னியில் யானை. யாழ்ப்பாண அரசருக்கும், 1619 இல் அந்த இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயருக்கும், 1658 இல் அவர்களை விரட்டிய ஒல்லாந்தருக்கும் வன்னியர் செலுத்த வேண்டிய திறை யானையாகவே இருந்தது. பிடிபட்ட யானைகளை ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடத்தி, குடாநாட்டுக்குள் கொண்டுபோய், ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினர். முழக்கணக்கில் உயரம் அளந்து, கொம்பு பார்த்து, விலை வைத்தார்கள். கோல்கொண்டா வரையிலிருந்து வணிகர் வந்து வாங்கிச் சென்றனர். தக்காண சுல்தான்களின் போர்க்களத்தில் நின்ற யானைகளுள் சில வன்னிக் குளங்களில் நீர் குடித்து வளர்ந்தவை.

இந்தத் திறையை ஒல்லாந்தரால் ஒழுங்காக அறவிட முடியவில்லை. 17 ஆம் நூற்றாண்டில் பனங்காமத்தை ஆண்ட கயிலை வன்னியன் அவர்கள் முன் நேரில் போய் நிற்க மறுத்தவர் என்று பெயர் பெற்றவர். யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த ஹென்ட்றிக் ஸ்வாடக்றோன் 1697 இல் எழுதிவைத்த அறிக்கையில் வன்னியரின் யானை நிலுவை பற்றிய முறைப்பாடு இருக்கிறது. வருடந்தோறும் வன்னியர் யாழ்ப்பாணம் வந்து பணிந்து போகவேண்டும் என்பது கொம்பனியின் எதிர்பார்ப்பு. வன்னியரோ காய்ச்சல் என்பர், யானை அகப்படவில்லை என்பர், காட்டுக்குள் போய்விடுவர்.

அதே காலத்தில் அதே கொம்பனி யப்பானில் எப்படி இருந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1641 முதல் ஒல்லாந்தர் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்னும் விசிறி வடிவச் சிறு தீவில் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆண்டுக்கொருமுறை அவர்களின் தலைவன் இன்றைய ரோக்கியோவான எதோ நகரம்வரை பல வாரங்கள் பயணம் செய்து, ஷோகுனின் முன்னே நிலத்தில் தலை படும்படி பணிந்து பரிசில் வைக்கவேண்டும். 1691 இலும் 1692 இலும் அப்பயணத்தில் சென்ற மருத்துவர் கெம்ப்பர், ஷோகுனின் வேடிக்கைக்காகத் தாம் ஆடிப்பாடிக் காட்ட நேர்ந்ததையும் எழுதியிருக்கிறார். பிரபுக்களுக்கும் விதிவிலக்கில்லை. 1635 முதல் டைமியோ ஒவ்வொருவரும் ஒருவருடம் விட்டு ஒருவருடம் எதோவில் வந்து தங்கவேண்டும். ஊர் திரும்பும்போது மனைவி மக்களைப் பிணையாக விட்டுப்போகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வன்னியனின் வணக்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த கொம்பனி, எதோவில் தானே முழங்காலில் நின்றது. வன்னியரைக் குறைகூறிய ஸ்வாடக்றோன் பின்னர் 1718 இலிருந்து 1725 வரை பத்தாவியாவில் கொம்பனியின் தேசாதிபதியாக இருந்தார். அவருடைய ஆட்களும் அந்த ஆண்டுகளில் ஷோகுனைக் கும்பிடப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே நிமிர முடியாத கொம்பனிதான் இங்கே திறை கேட்டது.

சாமுராய் வாளைக் கொம்பனி கூலிக்கு வாங்கியதும் உண்டு. 1621 இல் பண்டாத் தீவுகளைச் சாதிக்காய்க்காக அழித்தபோது, அத்தீவு முஸ்லிம்களின் தலைவர்கள் 44 பேரை வெட்டிக் கொன்றவர்கள் ஒல்லாந்தர் அமர்த்திய யப்பானியக் கூலிவீரர்கள். 'போர்வீரனின் அறம்' என்று எழுதப்பட்ட புத்தகங்களில் இந்தப் பக்கத்தைத் தேடவேண்டாம்.

யானைக்குத் திரும்புவோம். திறை கட்டியவர் வன்னியர். ஆனால் யானையைப் பிடித்தவர் யார்? வாளால் யானை பிடிபடாது. மான் தோலிலோ எருமைத் தோலிலோ முறுக்கிய வார்க்கயிற்றைச் சுருக்குப் போட்டு, காற்றுக்கு எதிராக ஊர்ந்துபோய், யானையின் பின்னங்காலில் மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிக் கட்டவேண்டும். ஒரு கணம் பிசகினால் உயிர் போய்விடும். அந்த வித்தைக்காரருக்குப் பணிக்கர் என்று பெயர். 19 ஆம் நூற்றாண்டில் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள சோனகக் கிராமத்தவர் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இத்தொழில் செய்வதாகவும், அவர்கள் பிடித்த யானைகளை அராபியர் பழக்கித் தென்னிந்திய அரசர்களுக்கு விற்பதாகவும் விரிவாக எழுதியிருக்கிறார். ஏறாவூர்ப் பணிக்கர்களின் புகழ் நம்மில் மூத்த தலைமுறையினருக்குத் தெரிந்ததே.

வன்னியர் காலத்துப் பணிக்கர் எல்லோரும் முஸ்லிம்கள் என்று சொல்லவரவில்லை. பணிக்கன் என்பது ஒரு தொழிற்பெயர், பலரும் ஏந்தியது. நான் சொல்வது வேறு. வன்னி இராச்சியங்களின் செல்வம் முழுவதும் அந்தத் தோற்கயிற்றின் முனையில் தொங்கியது. யப்பானிலும் தோல், இங்கும் தோல். அங்கே கவசம் தைத்தவன் தீண்டப்படாதவன். இங்கே சுருக்குப் போட்டவனோ, இன்றைய வீரவரலாற்றில் கூட்டத்தோடு கூட்டமாகக்கூட வருவதில்லை.

இரண்டு அமைப்புகளும் முடிந்த விதமும் ஒன்றல்ல. மெய்ஜி அரசு 1873 இல் எல்லா ஆண்களுக்கும் கட்டாயப் படைச்சேவையை விதித்ததும் சாமுராயின் தனித்தொழில் போயிற்று. 1876 இல் வாள் தரிக்கத் தடை வந்தது. நெற்படியையும் நிறுத்தி, பதிலுக்குக் கடன்பத்திரம் கொடுத்தனர். அடுத்த வருடம் சைகோ தக்கமோரி தலைமையில் சற்சுமாவில் கிளர்ந்தவர்களை உழவர் வீட்டுப் பிள்ளைகள் நிரம்பிய புதிய படை நசுக்கியது. மற்றச் சாமுராய்கள் பொலிஸ்காரராகவும் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் ஆனார்கள். நிலத்திலிருந்து முன்பே பிரிக்கப்பட்டு எழுத்துவேலைக்குப் பழகியவர்களுக்கு அது இயலக்கூடியதாயிருந்தது.

வன்னியருக்கு அந்த வழி கிடைக்கவில்லை. 1782 இல் லெப்டினன்ட் நாகல் படையோடு வந்து வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார். 1793 இல் அவர் எழுதிய வன்னி அறிக்கையின் கண் நெல்லின் மேல் இருந்தது. யானைத் திறையின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதற்குச் சில வருடங்களில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கரையோரத்தைப் பிடித்தனர். 1803 இல் கண்டியோடு அவர்கள் போரிட்டு நொந்திருந்த வேளையில், ஓகஸ்டில், பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினார். டிறிபேர்க் கடல்வழியே யாழ்ப்பாணம் தப்பினார். பிறகு மூன்று திசைகளிலிருந்து படை நகர்த்தி ஒக்டோபர் இறுதியில் கற்சிலைமடுவில் வன்னியனை எதிர்பாராமல் தாக்கினர். கல்லில் தோல்வி என்ற சொல்தான் இருந்தது, மரணம் என்ற சொல் இல்லை. அவர் அன்று தப்பிப் பல வருடம் கழித்தே இறந்தார் என்று கொள்வோரும் உளர். எப்படியாயினும் வன்னிமை அத்தோடு ஒழிந்தது. மட்டக்களப்பிலோ பிரித்தானியர் காலத்திலும் பற்றுக்களின் தலைமைக்காரருக்கு வன்னியனார் என்ற பதவிப்பெயர் நீடித்தது. அங்கே வன்னியனும் எழுதுகோல் பிடித்தான். நெடுங்கேணிப் பக்கத்தில் பெயர் மட்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

வீரன் போன பின்புதான் வீரன் பற்றிய இலக்கியம் பிறக்கிறது. கலகக்காரனாக இறந்த சைகோவை 1889 இல் மன்னித்த அரசு 1898 இல் ரோக்கியோ நகரில் அவருக்குச் சிலை வைத்தது. 1900 இல் நிதொபே என்பவர் 'புஷிதோ' என்ற நூலை, யப்பானிய மொழியில் அல்ல, ஆங்கிலத்தில், மேற்கத்தியருக்காக எழுதினார். நாமறிந்த சாமுராய் பெருமளவு அந்தப் புத்தகத்தின் பிள்ளை. பண்டாரவன்னியனுக்கு முல்லைமணி நாடகம் எழுதினார். கலைஞர் கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று நாவல் செய்தார். காட்டிக்கொடுத்தவனாகக் காக்கை வன்னியன் எதிரே நிறுத்தப்பட்டான். வீரன் ஒருவன், துரோகி ஒருவன் என்று மேடை நிறைந்துவிட்டால் குளம் கட்டியவனுக்கும் யானை பிடித்தவனுக்கும் அங்கே நிற்க இடமில்லை.

மேடையில் இடமில்லாதவருக்கு ஏட்டில் விடுதலை வந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டப்படி முற்றாக ஒழிந்தது. யப்பானில் தோல் வேலைக்காரரின் இழிபெயர் 1871 இல் நீக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் சட்டம் போனபின் வழக்கம் நின்றது. யப்பானில் அந்த ஆணையை எதிர்த்து உழவர்களே கலகம் செய்து, அவர்களின் குடியிருப்புகளை எரித்தார்கள். ஒரு படி மேலே நின்றவனுக்குக் கீழ்ப்படி தேவையாயிருந்தது. இங்கும் கிணற்றிலும் கோயில் வாசலிலும் அந்த வழக்கம் எத்தனை காலம் நின்றது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வன்னி வரலாற்றில் யார் சேர்த்தி, யார் சேர்த்தியில்லை என்பது பழங்கதை மட்டுமல்ல. நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம் என்று முல்லைத்தீவு மாவட்டத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவில் வெறுமையாயின. போர் முடிந்த பின் திரும்பி வந்தவர்கள், காடாகிப்போன தம் காணியை அடையாளம் காட்ட, இங்கே இருந்தோம் என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. வன்னியின் கதை வாளின் கதையாக மட்டும் சொல்லப்பட்டால் அத்தகைய நிரூபணத்துக்குச் சாட்சி வராது. யானைக் கயிற்றின் கதையாகவும் சொல்லப்பட்டால் வரும்.

அந்தக் கதையை வன்னிச் சனங்கள் மறக்கவில்லை என்பதே ஆறுதல். புலவர்கள் பாடாததைப் பெண்கள் ஒப்பாரியில் வைத்திருக்கிறார்கள். வேலப்பணிக்கன் ஒப்பாரி என்று இப்பகுதியில் வழங்கும் நெடும்பாட்டு ஒரு பணிக்கனின் மனைவியான அரியாத்தையின் கதை. அடங்காத கொம்பன் யானையைப் பிடிக்க ஆண்கள் தயங்க, அவள் கயிற்றோடு போய் யானையைக் கட்டிக் கொண்டுவருகிறாள். அவளுடைய புகழ் பொறுக்காதவர்கள் வெற்றிலையில் நஞ்சு வைத்துக் கொடுக்கிறார்கள். பணிக்கன் அவளைப் புலம்புகிறான். போரில்லை, வாளில்லை, வெள்ளைக்காரனுமில்லை. கொன்றது சொந்த ஊரின் பொறாமை.  செத்தவீட்டுப் பாட்டாக, பெண்கள் வாய்வழியே, அவள் இத்தனை காலம் வந்திருக்கிறாள்.